கூத்துப் பாட்டைத் திறந்த உரிமத்தில் வெளியிடுவது எப்படி? மட்டக்களப்பிலிருந்து ஒரு செய்முறை

எங்கள் ஊர்க் கூத்துக் குழு ஆடும் வடமோடி என்ற கூத்து வகையின் பாடல்களை ஒலிப்பதிவு செய்தோம். பாடல் வரிகளைச் சிறு நூலாக்கினோம். அட்டைக்கு ஊர்ப் பிள்ளை ஒருவர் படம் வரைந்து தந்தார். மூன்றையும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இணையத்தில் வைத்திருக்கிறோம். யாரும் கேட்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்சிடலாம், பாடலாம், மாற்றி அமைக்கலாம். அதன் பிறகு வாகரைப் பக்கத்திலிருந்தும் திருக்கோவில் பக்கத்திலிருந்தும் “நாங்களும் செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?” என்று கேட்டு எழுதுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கணக்குத் திறப்பது, கோப்பைப் பதிவேற்றுவது போன்றவற்றை விளக்கப் போவதில்லை. மின்னஞ்சல் அனுப்பத் தெரிந்தவருக்கு அவை வந்துவிடும். கணினியில் செய்ய வேண்டியவை எல்லாம் சேர்ந்தாலும் பெரிய வேலையில்லை. கூத்துக் களரியில், அதாவது கூத்தாடும் களத்தில், நிற்பவர்களிடம் விளக்கிச் சொல்லி ஒப்பம் வாங்குவதுதான் உண்மையான வேலை. ஆகவே அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

முதலில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: “முகநூலில் போட்டால் போதாதா? அதுதான் எல்லோரும் பார்க்கிறார்களே?” போதாது. இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை. பாட்டை எழுதிய கணத்திலும், ஒலிப்பதிவு செய்த கணத்திலும் பாதுகாப்பு தானாக வந்துவிடுகிறது. நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் சட்டத்தின் கண்ணில் அது மூடிய பொருள். அதைப் பாடசாலைச் சிறப்பு மலரில் சேர்க்க நினைக்கும் ஆசிரியர் கவனமானவராக இருந்தால் தொடாமல் விட்டுவிடுவார். கவனமில்லாதவராக இருந்தால் பாடியவரின் பெயரை விட்டுவிட்டு எடுத்துப் போடுவார். இரண்டாலும் இழப்பு நமக்குத்தான். ‘இதை எடுக்கலாம், இப்படி எடுக்கலாம்’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் திறந்த உரிமம்.

படி 1: எது யாருடையது என்று எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிடப் போகும் பொருளில் யார் யார் கை இருக்கிறது என்று பெயர் பெயராக எழுதுங்கள். எங்கள் கொப்பியில் இருந்தவை இவை: கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரிடம் வழிவழியாக வந்த கூத்துக் கொப்பியின் வரிகள்; அதில் இடையிடையே இப்போது வாழும் ஒருவர் புதிதாகக் கட்டிச் சேர்த்த தருக்கள் (கூத்துப் பாட்டுகள்); பாடியவர்கள்; பிற்பாட்டுக்காரர்; மத்தளமும் சல்லாரியும் (கைத்தாளம்) அடித்தவர்கள்; ஒலிப்பதிவு செய்தவர்; அட்டைப்படம் வரைந்தவர்; முன்னுரை எழுதியவர்; உள்ளே வரும் புகைப்படங்களை எடுத்தவர்.

இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் பதிப்புரிமை அவர் வாழ்நாள் முழுவதும் இருந்து, இறந்த பின் 70 ஆண்டுகள் தொடரும். பாடுபவர், வாத்தியம் வாசிப்பவர், ஆடுபவர் ஆகியோருக்கு ஆற்றுகையாளர் என்ற வகையிலும், ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்குத் தயாரிப்பாளர் என்ற வகையிலும் 50 ஆண்டு உரிமை உண்டு. பாட்டு நூறு வருடம் பழையதாக இருக்கலாம். நேற்று அதைப் பாடியவரின் குரல் பழையதல்ல. “பழைய பாட்டுத்தானே, யாரைக் கேட்க வேண்டும்?” என்று பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பழைய வரிகளைப் பற்றித் தெளிவாகச் சொல்ல நம் மண்ணிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1892 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947 இல் மறைந்தார். 70 ஆண்டுக் கணக்கு 2017 உடன் முடிந்துவிட்டது. யாழ் நூல் உட்பட அவருடைய எழுத்தை இப்போது யாரும் தட்டச்சுச் செய்து வெளியிடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அண்மையில் வந்த ஒரு மறுபதிப்பை வருடி (ஸ்கேன் செய்து) அப்படியே போடக்கூடாது. அதிலுள்ள புதிய பதிப்புரை, குறிப்புகள், அட்டை ஆகியவை வாழ்பவர்களுடையவை. மூலத்தை மட்டும் எடுங்கள்.

ஆசிரியர் யாரென்றே தெரியாத நாட்டார் பாடலுக்கு வேறு விதி இருக்கிறது. அச்சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டார் மரபின் வெளிப்பாடுகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தருகிறது. வணிக நோக்கத்துக்கோ அவற்றின் மரபான சூழலுக்கு வெளியிலோ பயன்படுத்துவதைப் பற்றியது அது. எனவே ஊர்ப் பாட்டின் மேல் நீங்களோ நானோ ‘இது எங்கள் பாட்டு, இந்த உரிமத்தில் தருகிறோம்’ என்று முத்திரை குத்த முடியாது. நாம் உரிமம் தருவது நம் ஒலிப்பதிவுக்கு, நம் முன்னுரைக்கு, நம் படத்துக்கு மட்டும். உரிம வாசகத்திலும் இதை இப்படியே எழுதுங்கள்: “பாடல் வரிகள் ஊர் வழக்கு. இந்த ஒலிப்பதிவுக்கும் பதிப்புரைக்கும் மட்டுமே கீழ்க்காணும் உரிமம் பொருந்தும்.”

சட்டம் தடுக்காத இடத்திலும் நான் ஒரு எல்லை வைத்திருக்கிறேன். கண்ணகை அம்மன் சடங்கில் மட்டும் பாடப்படும் பாடல்கள், அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்தி உட்பட, கோயிலார் மனதார இசைந்தாலொழிய இணையத்துக்குப் போகக்கூடாது. வைகாசிச் சடங்கு நாளில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் பதிந்துவிட்டு, அதன் கீழ் உரிமம் எழுதுவதில் எந்த நியாயமும் இல்லை. கூத்து களரிக்கு வந்து எல்லோர் முன்னும் ஆடப்படுவது. சடங்குப் பாட்டு அப்படியல்ல. முதலில் கூத்தில் தொடங்குங்கள்.

படி 2: உரிமத்தைத் தேர்ந்தெடுத்தல் (இங்கே அவசரம் வேண்டாம்)

கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2001 இல் தொடங்கியது. முதல் உரிமங்கள் 2002 இறுதியில் வந்தன. இப்போது பயன்பாட்டில் இருப்பது 2013 இல் வந்த 4.0 பதிப்பு. மொத்தம் ஆறு உரிமங்கள். நான்கு துண்டுகளைச் சேர்த்து ஆக்கியவை அவை: பை (BY) என்றால் பெயர் சுட்ட வேண்டும். எஸ்ஏ (SA) என்றால் மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். என்சி (NC) என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. என்டி (ND) என்றால் மாற்றியதை வெளியிடக்கூடாது. பெயர் சுட்டல் ஆறிலும் உண்டு. உரிமையையே முழுதாக விட்டுக்கொடுக்கும் சிசி0 தனி.

எங்கள் குழுவை அதிகம் தாமதப்படுத்தியது என்சி என்ற இரண்டெழுத்து. கூடியிருந்தவர்களில் அநேகமாக எல்லோருமே அதைத்தான் கேட்டார்கள். காரணம் விளங்குகிறது. ‘நாம் பாடியதை எவரோ விற்றுக் காசாக்குவதா?’ என்ற கோபம் நியாயமானது. ஆனால் என்சி யாரைத் தடுக்கிறது என்று ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தோம்.

கல்லடியில் ஒரு கலை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்று, அந்தப் பணத்தில் ஆடையணி வாங்கும் இளைஞர் கழகம் தடுக்கப்படலாம். நூலை நூறு பிரதி அச்சிட்டு, அச்சுக்கூலியோடு சிறிது சேர்த்து விற்கும் ஊர் நூலகம் தடுக்கப்படலாம். புலம்பெயர் நாட்டில் விளம்பரத்தோடு நடக்கும் தமிழ் வானொலி தடுக்கப்படலாம். இவர்களில் எவரும் நாம் பயந்த முதலாளி அல்லர். வணிகம் எது, வணிகமல்லாதது எது என்ற கோடு தெளிவாக இல்லாததால், நல்ல மனமுள்ளவர்கள் விலகிப் போகிறார்கள். கெட்ட மனமுள்ளவர் உரிமத்தைப் படிக்கப் போவதே இல்லை.

இன்னொன்று: விக்கிப்பீடியாவுக்கான படங்களையும் ஒலிகளையும் சேமித்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகம் என்சி, என்டி உள்ள எதையும் ஏற்காது. பொதுவகத்தில் இல்லாவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவின் வடமோடிக் கூத்துக் கட்டுரையில் நம் ஒலி ஒலிக்காது. எனக்கு இது பெரிய இழப்பாகப் பட்டது.

என்டியும் வேண்டாம் என்பேன். பாடல் நூலை ஒருவர் சிங்களத்தில் மொழிபெயர்த்து வெளியிட நினைத்தால் என்டி தடுக்கும், ஏனென்றால் மொழிபெயர்ப்பும் ஒரு மாற்றம்தான். கூத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கிப் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆக்குவதும் மாற்றம். விடியவிடிய ஆடிய கூத்தைச் சுருக்கி மேடையேற்றுவது நம் மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக நடப்பதுதானே.

என் தெரிவு பை-எஸ்ஏ 4.0. எடுத்தவர் மாற்றினால், மாற்றியதையும் இதே போல் திறந்து வைக்க வேண்டும் என்ற அந்த ஒரு நிபந்தனையே ‘எடுத்துப் பூட்டிவிடுவார்கள்’ என்ற பயத்துக்குப் போதுமான பதில். 4.0 ஐக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது பாடுவோர், வாத்தியக்காரர் உரிமைகளையும் வெளிப்படையாகச் சேர்த்துப் பேசுகிறது. பழைய பதிப்பை எங்கிருந்தோ படியெடுத்து ஒட்டாதீர்கள்.

உரிமம் தந்த பின்னும் பதிப்புரிமை உங்களுடையதே. நீங்கள் இறுவட்டாக விற்கலாம். பை-எஸ்ஏ நிபந்தனைக்கு உட்பட விரும்பாத திரைப்படக்காரர் வந்தால் தனியாகப் பேசிப் பணம் வாங்கலாம். முடியாதது ஒன்றே: கொடுத்த உரிமத்தைப் பின்னர் திரும்பப் பெற முடியாது. இணையத்திலிருந்து கோப்பை நீக்கினாலும், ஏற்கெனவே எடுத்தவருக்கு அந்த உரிமம் செல்லுபடியாகும்.

படி 3: ஒப்பம் வாங்குதல்

களரிக்குப் போய், ஒத்திகை இல்லாத ஒரு மாலையில், எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். ஒவ்வொருவராகப் பிடித்துத் தாளை நீட்டினால் சந்தேகம்தான் வரும்.

எங்கள் அண்ணாவியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “மகன், எல்லோரும் எடுக்கலாம் என்றால் எங்கள் பெயர் எங்கே நிற்கும்?” திறந்த உரிமத்தின் உயிர்நாடி அந்தக் கேள்விதான். பதிலை மழுப்பாமல் சொல்லுங்கள். எடுப்பவர் நான்கு விடயங்களைச் செய்தே ஆக வேண்டும்: நாம் சொன்னபடி பெயர் போட வேண்டும், எங்கிருந்து எடுத்தார் என்று சொல்ல வேண்டும், உரிமத்தின் பெயரையும் இணைப்பையும் தர வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்ல வேண்டும். நாம் அவருக்கு ஆதரவு தந்தது போலக் காட்டவும் கூடாது. பெயரை எப்படிப் போடுவது என்பதை நாமே தீர்மானிக்கலாம். அண்ணாவியார் தம் பெயருக்கு முன் ஊர்ப் பெயரும், தமக்குப் பழக்கிய அண்ணாவியாரின் பெயரும் வர வேண்டும் என்றார். அப்படியே எழுதினோம்.

நாங்கள் பயன்படுத்திய கடிதத்தை அப்படியே தருகிறேன். எடுத்துப் பயன்படுத்துங்கள், இதற்குப் பெயர் சுட்ட வேண்டியதில்லை.

“............ ஊரைச் சேர்ந்த ............ ஆகிய நான், ............ அன்று ............ இல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட, மறுபக்கத்தில் பட்டியலிட்டுள்ள பாடல்களில் என் பங்களிப்பை (பாட்டு / பிற்பாட்டு / மத்தளம் / சல்லாரி / புதிய வரிகள் / படம்) கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 சர்வதேச உரிமத்தில் வெளியிட மனமுவந்து சம்மதிக்கிறேன். இதன்படி எவரும் எந்த நாட்டிலும், பணம் பெற்றோ பெறாமலோ, இதனைப் படியெடுக்கலாம், பரப்பலாம், மாற்றிப் பயன்படுத்தலாம். அவர்கள் என் பெயரைக் கீழே உள்ளவாறு குறிப்பிட வேண்டும். மாற்றினால் மாற்றியதைச் சொல்லி, அதையும் இதே உரிமத்தில் வெளியிட வேண்டும். இச்சம்மதத்தைப் பின்னர் மீளப்பெற முடியாது. என் உரிமை என்னிடமே தொடர்ந்து இருக்கும். இவை எனக்கு வாசித்து விளக்கப்பட்டன. என் பெயர் குறிப்பிடப்பட வேண்டிய முறை: ............”

கீழே ஒப்பம், திகதி, சாட்சி ஒருவர். ‘பணம் பெற்றோ’, ‘மீளப்பெற முடியாது’ என்ற இரண்டு இடங்களையும் உரக்க, நிறுத்தி வாசியுங்கள். இவை பிடிக்காதவர் ஒப்பமிட வேண்டாம். அவர் பாடிய பகுதியை மட்டும் விட்டுவிடலாம். ஒப்பமிட விரும்பாதவரை வற்புறுத்தி வாங்கிய தாளை வைத்துக்கொண்டு எதையும் வெளியிடாதீர்கள்.

எழுத வராத மூத்தவர்களிடம் கைநாட்டு வாங்கலாம். அதோடு, கடிதத்தை வாசித்துக் காட்டி அவர் சம்மதம் சொல்வதை ஒலிப்பதிவாகவும் வைத்திருங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் ஆடியிருந்தாலோ படம் வரைந்திருந்தாலோ பெற்றோரின் ஒப்பம் வேண்டும். எங்கள் அட்டைப்படத்துக்கு அந்தப் பிள்ளையின் தாயார் ஒப்பமிட்டார்.

கடிதத்தில் அடையாள அட்டை இலக்கம் கேட்காதீர்கள். கேட்டிருந்தால் அந்தத் தாளை ஒருபோதும் இணையத்தில் போடாதீர்கள். கடிதங்கள் உங்கள் கோப்பில் இருக்கட்டும். பாடியவர் ஒருவர், பதிவேற்றுபவர் இன்னொருவர் என்றால் விக்கிமீடியாவின் தன்னார்வச் சரிபார்ப்புக் குழு சான்று கேட்கக்கூடும். அவர்களுக்கு மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும்.

படி 4: ஒலிப்பதிவு

இதில் நிறைய எழுதலாம், சுருக்கிக்கொள்கிறேன். கைபேசியின் சாதாரண ஒலிப்பதிவுச் செயலியில் பதியாதீர்கள். அது ஒலி அளவைத் தானே கூட்டிக் குறைக்கும். மத்தளம் ஓங்கி விழும்போது குரல் அமுங்கி, அடி ஓய்ந்ததும் குரல் திடீரென்று எழும். ஒலி அளவைக் கையால் நிறுத்தி வைக்கக்கூடிய சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்குங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவம். உச்ச ஒலி −12 டெசிபல் அளவில் நிற்கட்டும்.

அண்ணாவியாரே மத்தளமும் அடித்துப் பாட்டும் பாடுவார் என்பதால் கருவியை மத்தளத்தின் நேரே வைக்கக்கூடாது. அவர் வாய் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக வையுங்கள். கடற்கரையோர ஊர் என்றால் பஞ்சு உறை கட்டாயம்.

வெட்டி ஒட்ட ஆடாசிட்டி போதும். அது இலவச, கட்டற்ற மென்பொருள். இரைச்சல் நீக்கும் வசதியை மிக மெல்லப் பயன்படுத்துங்கள். அதிகம் இழுத்தால் சதங்கையின் ஒலியும் சல்லாரியின் நீண்ட அதிர்வும் இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். மின்விசிறி கொஞ்சம் கேட்பது பரவாயில்லை, சல்லாரி செத்துப்போவது கூடாது. முழு இரவையும் ஒரே கோப்பாக விடாமல், ஒவ்வொரு பாத்திரத்தின் வரவு விருத்தம், வரவுத் தரு, தர்க்கத் தரு என்று தனித்தனியாக வெட்டி, ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். கோப்பின் குறிப்புப் பகுதியில் பாடியவர், ஊர், திகதி, உரிமம் நான்கையும் எழுதுங்கள். கோப்பு எங்கே போனாலும் அது கூடவே போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது இவை தொலைந்துபோக இடமுண்டு. செய்தியிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

படி 5: நூலும் பாமினியும்

நம் பக்கத்து அச்சகங்களில் பழைய நூல்கள் பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கர் கோப்பாக இருக்கின்றன. அதை அப்படியே பி.டி.எஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ‘வடமோடி’ என்று தேடுபவருக்கு உங்கள் நூல் அகப்படவே அகப்படாது. திறந்த உரிமம் கொடுத்தும் பயனில்லை. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

இணையத்தில் மாற்றிகள் பல இருக்கின்றன. எதைப் பயன்படுத்தினாலும் மாற்றிய பின் இதைச் செய்யுங்கள்: ஆவணத்தில் ‘வௌி’ என்று தேடுங்கள். பாமினியில் ஔகாரத்தின் வால் பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே குறிதான். அதனால் மாற்றி ஏமாந்து ‘வெளியீடு’ என்பதை ‘வௌியீடு’ என்றும், ‘தெளிவு’ என்பதை ‘தௌிவு’ என்றும், ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ என்றும் ஆக்கிவிடுகிறது. கண்ணுக்கு அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. செய்தித் தளங்கள் பலவற்றிலும் இந்தப் பிழை அப்படியே கிடக்கிறது. ‘வௌ’, ‘தௌ’, ‘கௌ’, ‘பௌ’ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துங்கள். ‘கௌரவர்’, ‘பௌர்ணமி’ போன்றவற்றைத் தொடாமல் விடுங்கள். பாரதக் கூத்து என்றால் கௌரவர் நிறையவே வருவார்கள், ஆகவே மொத்தமாக மாற்றும் பொத்தானை அழுத்த வேண்டாம்.

பக்க அமைப்புக்கு லிப்ரே ஆபிஸ் போதும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது மீரா இனிமை. இரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பவை. நூலுக்குள் பதித்துப் பரப்புவதில் தடையில்லை. அட்டைப்படத்தை 300 புள்ளிச் செறிவில் வருடுங்கள். கூகுளில் தேடி எடுத்த கூத்துப் படத்தை அட்டையில் போட்டால் முழு நூலின் உரிமமும் கேள்விக்குள்ளாகும்.

உரிமைப் பக்கத்தை அச்சகத்திடம் விடாதீர்கள். வழக்கமாகவே ‘எப்பகுதியையும் அனுமதியின்றி மறுபிரசுரம் செய்யக் கூடாது’ என்ற வரியைச் சேர்த்துவிடுவார்கள். ஒரே பக்கத்தில் அந்த வரியும் திறந்த உரிமமும் இருந்தால் வாசிப்பவர் எதை நம்புவார்? எங்கள் உரிமைப் பக்கம்: “© 2024 பங்களிப்பாளர்கள். பதிப்புரை, புதிய தருக்கள், அட்டைப்படம் ஆகியவை கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 சர்வதேச உரிமத்தில் வெளியிடப்படுகின்றன. மரபான பாடல் வரிகள் ஊர் வழக்கு.” அதற்குக் கீழே உரிமப் பக்கத்தின் முழு இணைய முகவரி.

படி 6: எங்கே வைப்பது

முதலில் இணைய ஆவணகம், அதாவது இன்டர்நெட் ஆர்கைவ். பதிவேற்றும் பக்கத்திலேயே உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு. ஃபிளாக் கோப்பை மட்டும் ஏற்றினால் போதும், எம்பி3 ஐ அதுவே ஆக்கிக்கொள்ளும். ஒன்றில் கவனம்: உருப்படியின் அடையாளப் பெயர் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும்தான் இருக்க முடியும், பின்னர் அதை உங்களால் மாற்ற முடியாது. அந்தப் பெயர்தான் இணைய முகவரியாகவும் ஆகிறது. ஊரின் பெயர், கூத்தின் பெயர், ஆண்டு மூன்றும் அதில் இருக்கட்டும். தலைப்பைத் தமிழில் எழுதலாம்.

இரண்டாவதாக விக்கிமீடியா பொதுவகம். புதிய கணக்குகளில் எம்பி3 ஏறாது. ஃபிளாக் அல்லது ஓக் ஏறும். காணொளி என்றால் எம்பி4 ஐ ஏற்காது, வெப்எம் ஆக மாற்ற வேண்டும். ஏற்றிய பின் கிராமம், கூத்து வகை ஆகியவற்றுக்குரிய பகுப்புகளைச் சேர்க்க மறக்காதீர்கள். பகுப்பில்லாத கோப்பை யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

2005 இல் தொடங்கிய, ‘நூலகம்’ என்ற பெயருடைய எண்ணிம நூலகத்தையும் விட்டுவிடாதீர்கள். ஈழத்து எழுத்தைத் தேடுபவர் முதலில் போகும் இடம் அதுதான். நூலின் பிரதியோடு சம்மதக் கடிதத்தின் வாசகத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

யூடியூப்பைக் கடைசியில் வையுங்கள். அங்கே உரிமத் தெரிவில் இரண்டே வகை: வழமையான யூடியூப் உரிமம், மற்றது கிரியேட்டிவ் காமன்ஸ். அந்த இரண்டாவது வெறும் பை மட்டும், எஸ்ஏ அல்ல. பாடகர்கள் பை-எஸ்ஏக்குத்தான் ஒப்பமிட்டிருக்கிறார்கள் என்றால் அதைத் தெரிவு செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. வழமையான உரிமத்திலேயே விட்டுவிட்டு, விவரக் குறிப்பில் பை-எஸ்ஏ 4.0 என்று எழுதி, ஆவணகத்து இணைப்பைக் கொடுங்கள்.

வாசகர்கள் எழுதிய பின் சேர்த்தவை

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: களிகம்பாட்டப் பாடல்கள் சிலவற்றைப் பதிந்திருக்கிறார், இடையில் இரண்டு பாட்டு திரைப்பட மெட்டில் இருக்கின்றன. அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். வரிகள் ஊரில் கட்டியவையாக இருந்தாலும் மெட்டு வேறொருவருடையது. அதற்கு உரிமம் கொடுக்க நம்மால் முடியாது. மற்றவற்றை வெளியிடத் தடையில்லை. கம்பு மோதும் ஒலி கூர்மையானது, ஒலி அளவை இன்னும் கீழே வைத்துப் பதியுங்கள்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து வந்த முறைப்பாடு இது: திறந்த உரிமத்தில் வைத்த பாட்டை யாரோ எடுத்துத் தம் பெயரில் இசை விநியோக நிறுவனம் ஒன்றின் மூலம் பதிவு செய்ய, பாடியவரின் சொந்தக் காணொளிக்கே யூடியூப்பில் உரிமைக் கோரல் வந்திருக்கிறது. மனம் நோகும் விடயம்தான், ஆனால் தீர்வு உண்டு. கோரலை மறுக்கும் பொத்தானை அழுத்தி, இணைய ஆவணகத்தில் முதலில் பதிவேற்றிய திகதியையும் இணைப்பையும் எழுதுங்கள். இந்தக் காரணத்துக்காகவே ஆவணகத்தை முதலிலும் யூடியூப்பைக் கடைசியிலும் வைக்கச் சொன்னேன். எடுத்தவர் பெயர் சுட்டாததால் உரிமத்தை மீறியிருக்கிறார். மீறியவருக்கு அந்த உரிமம் அத்தோடு முடிந்துவிடுகிறது. கோப்பை நீக்கக் கோரவும் உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கல்முனையிலிருந்து வந்த கேள்வி கடினமானது. தந்தை பாடிய கவிகள் பழைய ஒலிநாடாவில் இருக்கின்றன, தந்தை இப்போது இல்லை. மகன் தனியாக ஒப்பமிடலாமா? முடியாது. பாடியவரின் உரிமை அவருடைய உரித்தாளர்கள் எல்லோருக்கும் போகிறது. நாடாவைப் பதிந்தவர் வேறொருவர் என்றால் அவரும் சம்மதிக்க வேண்டும். கடிதத்தை “பாடியவரின் உரித்தாளர்களாகிய நாங்கள்” என்று தொடங்கி, பிள்ளைகள் எல்லோரும் ஒரே தாளில் ஒப்பமிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரி அதே வாசகத்தைத் தம் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதி அனுப்பினால், அதை அச்சிட்டு அந்தத் தாளோடு இணைத்துவிடலாம். நாடாவை இப்போதே கணினிக்கு மாற்றத் தொடங்குங்கள். ஒப்பங்கள் வந்து சேரும்வரை வெளியிடாமல் வைத்திருந்தால் போதும்.